மூன்றரை வட்டியும் பெற்றவர் வீடும்

வட்டியைத் தமிழர் ஆண்டுக் கணக்கில் பேசுவது வழக்கமில்லை. நூறு ரூபாய்க்கு மாதம் ஒன்றுக்கு எத்தனை ரூபாய் என்பதே நம் பேச்சு. ஒரு வட்டி, ஒன்றரை வட்டி, இரண்டு வட்டி என்று சொன்ன மாத்திரத்தில், எழுதப் படிக்கத் தெரியாத பாட்டிக்குங்கூட அந்தக் கடனின் கனம் இன்னதென்று விளங்கிவிடும். இரண்டு வட்டி வரையில் பல்லைக் கடித்துக்கொண்டு சமாளிக்கலாம், மூன்று வட்டி குடும்பத்தை ஆட்டிவைக்கும், ஐந்து வட்டிக்கு ஒருவன் வாங்கினான் என்றால் அவனுக்கு வேறு கதியில்லை என்று அர்த்தம்: இப்படியோர் அளவுகோல் தலைமுறை தலைமுறையாக நம் வீடுகளில் புழங்கிவருகிறது. கிரெடிட் கார்டுக் கடனைப் பற்றியும், அதை அடைப்பதற்காகப் பெற்றோர் வீட்டுக்கே திரும்பிச் செல்லும் இளைஞர்களைப் பற்றியும் ஆராயப் புகுந்தபோது எனக்கு முதலில் மனத்தில் பட்டது இதுதான். அந்தக் கார்டின்மேல் நிற்கும் பாக்கிக்குப் பல வங்கிகள் மாதத்துக்கு நூற்றுக்கு மூன்றரை ரூபாயும் அதற்குச் சற்று மேலுமாக வட்டி விதிக்கின்றன. ஆயினும் அதை மூன்றரை வட்டிக் கடன் என்று ஒருவரும் சொல்லக் கேட்டதில்லை. பெயர் மாறியதால் நம் அளவுகோல் அதன்மேல் படாமலே போய்விட்டது.

ஆவடியில் ஒரு தொழிற்சாலையில் வேலைபார்த்து ஓய்வுபெற்ற என் பால்ய சிநேகிதர் ஒருவரின் வீட்டில், ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலையில், இந்த விஷயத்தை நான் கண்ணெதிரே காண நேர்ந்தது. அவருடைய மகனுக்கு இருபத்தொன்பது வயது. பழைய மகாபலிபுரம் சாலையில் ஒரு மென்பொருள் நிறுவனத்தில் உத்தியோகம். பெருங்குடியில் தனியே வாடகை வீடு. வீட்டைக் காலிசெய்துவிட்டு இங்கேயே வந்துவிடலாமா என்று கேட்பதற்காக அன்று வந்திருந்தான். ஏன் என்று தந்தை கேட்டதற்கு, கார்டில் கொஞ்சம் பாக்கி இருக்கிறது என்றான். எவ்வளவு என்றதற்கு, "ஒரு லட்சத்துக்கு மேல இருக்கும்பா" என்றான். சிநேகிதர் கோபப்படவில்லை. மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துண்டால் துடைத்துக்கொண்டே, "கடைசிப் பைசா வரைக்கும் சொல்லுடா, அப்புறம் பேசலாம்" என்றார். பிள்ளை கைப்பேசியைத் திறந்து மூன்று கார்டுகளின் கணக்கையும் ஒவ்வொன்றாகப் படித்தான். கூட்டிப் பார்த்தபோது 3,64,000 ரூபாய் வந்தது. சமையலறை வாசற்படியில் நின்றுகொண்டிருந்த அம்மாள், "வட்டி என்ன?" என்று மட்டும் கேட்டாள். "வருஷத்துக்கு நாற்பத்திரண்டு பர்சென்ட்மா." அவள் விரல் கணுக்களை எண்ணிப் பார்த்தாள். "அப்ப மூன்றரை வட்டியா? பேங்க்குக்காரனா மூன்றரை வட்டி வாங்கறான்?" அதன்பின் சிறிது நேரம் அந்தக் கூடத்தில் ஒருவரும் பேசவில்லை.

அம்மாள் கேட்டதில் ஒரு திருத்தம் உண்டு. கார்டின் வட்டிக்கு 18 சதவீதம் ஜி.எஸ்.டி. சேர்கிறது, ஆகவே வாடிக்கையாளர் கையிலிருந்து உண்மையில் போவது நூற்றுக்கு மாதம் நாலு ரூபாய் பதின்மூன்று பைசா. அதாவது அது நான்கு வட்டிக்கும் மேற்பட்ட கடன். 3,64,000 ரூபாய்க்கு ஒரு மாத வட்டி 12,740, வரி 2,293, ஆக 15,033 ரூபாய். வங்கி கேட்கும் 'மினிமம் டியூ' சாதாரணமாகப் பாக்கியில் ஐந்து சதவீதம், இவன் விஷயத்தில் 18,200. அதைத் தேதி தவறாமல் செலுத்திவந்த பிள்ளை, தான் ஒழுங்காகக் கடன் அடைத்துவருவதாகவே நம்பிக்கொண்டிருந்தான்; உண்மையில் அசலில் குறைந்தது மாதம் மூவாயிரத்துச் சொச்சமே. சம்பளத்தில் வாடகையும் இந்த மினிமம் டியூவும் போனபின் மாதத்தின் கடைசிப் பத்து நாட்களுக்குக் கையில் காசு இராதாகையால், மளிகைக்கும் பெட்ரோலுக்கும் அதே கார்டைத் தேய்க்க, குறைந்த மூவாயிரமும் பழையபடி ஏறிவிடும். இதில் இன்னொரு சங்கதியையும் பலர் அறிவதில்லை. முழுப் பாக்கியையும் கட்டிவருகிறவனுக்கே வட்டியில்லாத நாற்பது, ஐம்பது நாள் தவணைச் சலுகை. ஒரு மாதம் பாக்கி வைத்துவிட்டால் அந்தச் சலுகை நின்றுபோய், புதிதாக வாங்கும் பொருளுக்கும் வாங்கிய நாளிலிருந்தே வட்டி ஓடத் தொடங்குகிறது. கால் கிலோ துவரம்பருப்புக்கும் நான்கு வட்டி என்பது எந்த மளிகைக்கடைக்காரரும் நம்மிடம் கேட்டிராத வட்டி.

இந்தக் கார்டு பிறந்த தேசம் அமெரிக்கா. 1950-ல் நியூயார்க்கில் டைனர்ஸ் கிளப் தொடங்கியபோது அது ஓட்டல் சாப்பாட்டுக்குக் கணக்கு வைக்கும் சௌகரியமாக மாத்திரமே இருந்தது. மாதக் கடைசியில் முழுத்தொகையையும் கட்டிவிட வேண்டும். பாக்கியை உருட்டிக்கொண்டே போகலாம், அதற்கு வட்டி என்னும் ஏற்பாடு பெரிய அளவில் உருவெடுத்தது 1958 செப்டம்பரில், கலிபோர்னியாவிலுள்ள பிரெஸ்னோ என்னும் ஊரில். பேங்க் ஆஃப் அமெரிக்கா அவ்வூர்வாசிகளுக்கு, அவர்கள் கேளாமலே, சுமார் அறுபதாயிரம் கார்டுகளைத் தபாலில் அனுப்பிவைத்தது. கேளாதவர்க்கு இப்படி அனுப்புவதை அந்நாட்டுச் சட்டம் 1970-ல் தடைசெய்தது. ஆனால் 1978-ல் அந்நாட்டு உச்ச நீதிமன்றம், ஒரு வங்கி தான் தலைமையகம் கொண்டுள்ள மாநிலத்தின் வட்டி வரம்பையே பிற மாநிலத்து வாடிக்கையாளரிடமும் விதிக்கலாம் என்று தீர்ப்பளித்தபின், வரம்பில்லாத மாநிலங்களை நாடிக் கார்டு வியாபாரம் குடிபெயர்ந்தது. வட்டிக்கு மேல்வரம்பு கட்டும் பழைய தர்மம் அத்தேசத்தில் அன்றோடு பெரும்பாலும் வலுவிழந்தது என்பது என் அபிப்பிராயம்.

நம் நாட்டிலும் ஏறக்குறைய இதே பாதைதான். 1980-ல் சென்ட்ரல் பேங்க் ஆஃப் இந்தியா முதல் கார்டை வெளியிட்டது. 2024 தொடக்கத்தில் புழக்கத்திலிருந்த கார்டுகள் பத்துக் கோடியைத் தாண்டின. வட்டியைப் பற்றிய வழக்கும் நடந்தது. ஆண்டுக்கு 30 சதவீதத்துக்கு மேல் கார்டு வட்டி வாங்குவது முறையற்ற வணிகம் என்று தேசிய நுகர்வோர் குறைதீர் ஆணையம் 2008-ல் தீர்ப்பளித்தது. வங்கிகளின் மேல்முறையீட்டில் உச்ச நீதிமன்றம் அத்தீர்ப்பை 2024 டிசம்பரில் ரத்துசெய்துவிட்டது. வங்கி வாங்கும் வட்டி அதிகம் என்ற காரணத்தைக் கொண்டு நீதிமன்றங்கள் கணக்கைத் திறந்து பார்க்கலாகாது என்று வங்கி ஒழுங்குமுறைச் சட்டத்தில் 21ஏ என்னும் பிரிவு வேறு இருக்கிறது. தமிழ்நாட்டிலோ, கந்து வட்டி, மீட்டர் வட்டி முதலானவற்றைத் தண்டனைக்குரிய குற்றமாக்கி 2003-லேயே தனிச் சட்டம் இயற்றப்பட்டது. ஆக, தெருக்கோடியில் உட்கார்ந்து நான்கு வட்டி வாங்குகிறவர் குற்றவாளி. கார்டின் வழியே அதே நான்கு வட்டி வந்தால் அது வங்கியின் கட்டண விவரப் பட்டியலில் ஒரு வரி. வங்கிகள் மீட்டர் வட்டிக்காரரைப் போல வீடு புகுந்து அராஜகம் செய்வதில்லை என்பதையும், ஈடில்லாமல் கொடுக்கும் கடனில் திரும்பிவராதது நிறைய உண்டு என்பதையும் ஒப்புக்கொள்கிறேன். ஆனாலும் வட்டி என்ற எண்ணை மாத்திரம் எடுத்துவைத்துப் பார்க்கும்போது, இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தை அந்த ஆவடி அம்மாளுக்கு விளக்க என்னால் முடியவில்லை.

ரிசர்வ் வங்கி சும்மா இருந்துவிடவில்லை என்பதையும் நியாயமாகச் சொல்லவேண்டும். 2022-ல் அது பிறப்பித்த விதிகளின்படி, மினிமம் டியூவைக் கட்டியும் கடன் வளர்ந்துகொண்டே போகும்படி கணக்கிடக் கூடாது. கட்டாத கட்டணத்தையும் வரியையும் அசலோடு சேர்த்து வட்டிக்கு வட்டி போடக் கூடாது. குறைந்தபட்சத் தொகையை மட்டுமே கட்டிவந்தால் கடன் ஆண்டுக்கணக்கில் நீளும் என்ற எச்சரிக்கையைப் பில்லிலேயே அச்சிட வேண்டும். அந்த எச்சரிக்கை இவன் பில்லிலும் இருந்தது. மூன்று ஆண்டுகளாக அது அவன் கைப்பேசிக்கு மாதந்தோறும் வந்திருக்கிறது. படிக்கவில்லை என்றான், பொய்யென்று நான் நினைக்கவில்லை. கட்டவேண்டிய தொகை, கடைசித் தேதி என்னும் இரண்டு எண்களைப் பார்த்துவிட்டுக் கண்ணை மூடிக்கொள்வது கடன்பட்டவர்களின் சுபாவம்.

பெற்றவர் வீட்டுக்குத் திரும்புவதன் பலனை இனிக் கணக்காகவே பார்க்கலாம். பெருங்குடி வீட்டுக்கு வாடகை 16,000. மெயின்டனன்ஸ், மின்சாரம், கேன் தண்ணீர் எல்லாமாக இன்னும் 4,000. அவன் அங்கேயே இருந்துகொண்டு, கார்டைத் தொடாமல், மாதம் 18,000 ரூபாய் தவறாது கட்டிவருவதாக வைத்துக்கொண்டால், கடன் தீர நாற்பத்தைந்து மாதங்கள் ஆகும். கட்டும் மொத்தம் எட்டு லட்சத்தைத் தாண்டும். வீட்டைக் காலிசெய்தாலோ, கொடுத்திருந்த ஐந்து மாத அட்வான்ஸ் 80,000 திரும்பிவரும். பெயிண்டிங் செலவு என்று ஒரு மாத வாடகையைப் பிடித்துக்கொள்வது சென்னை வழக்கமாகையால் கைக்கு வருவது 64,000. அதை அப்படியே கார்டுகளில் செலுத்த, பாக்கி மூன்று லட்சமாக இறங்குகிறது. மிச்சமாகும் 20,000-ஐயும் பழைய 18,000-த்தோடு சேர்த்து மாதம் 38,000 கட்டினால், பத்தாம் மாதத்தில் கடன் முடிந்துவிடும். அந்தப் பத்து மாதங்களில் கட்டும் தொகை ஏறக்குறைய 3,70,500. வாடகையை மிச்சப்படுத்தியவன் வாடகையை மாத்திரமா மிச்சப்படுத்தினான்? நான்கு வட்டிக் கடனில் முன்கூட்டிக் கட்டும் ஒவ்வொரு ரூபாயும் தனக்குப் பின்னே வரவிருந்த வட்டிகளையெல்லாம் தடுத்துவிடுவதால், மூன்றே முக்கால் ஆண்டு பத்து மாதமாகச் சுருங்குகிறது. இவ்வளவு நிச்சயமான லாபத்தைத் தரக்கூடிய முதலீடு எதையும் நான் அறியேன்.

இவ்வளவு தெளிவான பரிகாரத்தைக் கையில் வைத்துக்கொண்டு, அவன் ஏன் மூன்று ஆண்டுகள் காத்திருந்தான்? மானம் என்ற ஒரே சொல்லில் விடை இருக்கிறது. பதினெட்டு வயதில் பிள்ளைகள் வீட்டைவிட்டுப் போவதையே வாழ்க்கையின் இலட்சணமாகக் கொண்ட அமெரிக்காவில், திரும்பி வருவதைத் தோல்வி என்று கருதுவதில் வியப்பில்லை. அங்கேயே 2020 ஜூலையில், கொள்ளைநோய்க் காலத்து வேலையிழப்பின் நடுவே, 18 முதல் 29 வயது வரையிலானவரில் 52 சதவீதத்தினர் பெற்றோருடன் வசித்ததாக ப்யூ ஆராய்ச்சி நிலையம் கணக்கிட்டது. கூட்டுக் குடும்பம் எங்கள் பரம்பரைச் சொத்து என்று பேசும் நம்மிடையே இந்த லஜ்ஜை இருக்கலாகாது, ஆனால் இருக்கிறது. தனி வீடு எடுத்துக்கொண்டு போன பிள்ளை மூட்டையோடு திரும்பினால், எதிர்வீட்டார் கேட்கும் முதல் கேள்வி, "வேலை போயிடுச்சா?" என்பது. இந்தக் கேள்விக்கு அஞ்சியே ஆயிரக்கணக்கில் வட்டி கட்டுகிறார்கள் நம் பிள்ளைகள்.

கடனைக் குடும்பம் தாங்குவது நமக்குப் புதியதன்று; திசைதான் மாறியிருக்கிறது. தந்தை பட்ட கடனைத் தீர்ப்பது மகனுடைய புண்ணியக் கடமை என்று பழைய இந்து தர்மம் விதித்தது. பிரிட்டிஷ் காலத்து நீதிமன்றங்கள் அதைச் சட்டமாகவே அமல்செய்தன. 2005-ஆம் ஆண்டுத் திருத்தச் சட்டம் வந்த பிறகே, அந்தக் கடமை ஒன்றையே காரணமாகக் காட்டி மகன்மேல் வழக்குத் தொடுக்க இயலாது என்று ஆயிற்று. அந்தப் பழைய விதியில் நுட்பமான ஒரு விலக்கு இருந்தது: சூதுக்கும் குடிக்கும் துன்மார்க்கத்துக்கும் வாங்கிய கடனுக்கு மகன் பொறுப்பாளியல்லன். கடனைக் கேட்குமுன் அது எதற்காகப் பட்ட கடன் என்று தர்ம சாஸ்திரம் கேட்டது. அன்று மாலை என் சிநேகிதரும் அதையேதான் கேட்டார் என்பது எனக்குப் பிற்பாடு யோசிக்கையில் புலப்பட்டது. "எதுக்குடா செலவாச்சு?" என்று அவர் கேட்க, தங்கையின் கல்யாணத்துக்கு மண்டபத்துக்கும் சாப்பாட்டுக்கும் கார்டில் எடுத்தது இவ்வளவு, அப்பாவின் கண் அறுவைக்குக் கட்டியது இவ்வளவு, நண்பனுக்குக் கொடுத்து ஏமாந்தது இவ்வளவு, கைப்பேசியும் கோவா பயணமும் இவ்வளவு என்று பிள்ளை தலைகுனிந்தபடி பிரித்துச் சொன்னான். கல்யாணச் செலவையும் கண் அறுவையையும் கேட்டபோது, அந்தப் பணம் எங்கிருந்து வந்தது என்று அன்று தாம் விசாரிக்காமல் விட்டதை நினைத்துத் தந்தையின் முகம் சுண்டிப்போயிற்று. கோவாவைப் பற்றி அவர் ஒன்றும் கேட்கவில்லை. மகனின் கடனென்று நாம் சொல்வதில் குடும்பத்தின் கடன் எவ்வளவு கலந்திருக்கிறது என்பதை, மொத்தத்தையும் பிரித்துப் பார்க்காமல் சொல்ல முடியாது.

சட்டப்படி, மேஜரான பிள்ளையின் கார்டுக் கடனுக்கு, ஜாமீன் கையெழுத்துப் போடாத பெற்றோர் பொறுப்பாளிகள் அல்லர். வசூலுக்கு வரும் ஏஜென்டுகள் காலை 8 மணிக்கு முன்னும் மாலை 7 மணிக்குப் பின்னும் அழைக்கலாகாது, குடும்பத்தாரையும் சிநேகிதரையும் தொந்தரவு செய்து அவமானப்படுத்தலாகாது என்பது ரிசர்வ் வங்கியின் கட்டளை. இவ்விரண்டையும் வீட்டிலுள்ள முதியவர்கள் தெரிந்துவைத்திருக்க வேண்டும். ஏனெனில் பிள்ளை வீட்டுக்கு வந்தபின் வாசலில் வரும் குரலுக்குப் பதில் சொல்லப்போகிறவர்கள் அவர்களே.

இவ்வளவும் திரும்பிவருகிறவனின் பக்கத்துக் கணக்கு. ஏற்றுக்கொள்ளும் வீட்டின் பக்கத்துக் கணக்கை நம்மவர் எழுதிப் பார்ப்பதே இல்லை. அதைச் சொல்வதற்கே இக்கட்டுரையை எழுதத் துணிந்தேன். மூன்று லட்ச ரூபாய்க் கடன் பத்து மாதத்தில் ஆகாயத்தில் கரைந்துவிடுவதில்லை. அதில் ஒரு பெரும்பகுதி, வட்டியே கேளாத வேறொரு கடன்காரரிடம் கைமாறுகிறது. அந்தக் கடன்காரர் பெரும்பாலும் தாய். ஆவடியிலிருந்து மின்சார ரயில் பிடித்து, பறக்கும் ரயிலுக்கு மாறி, பிறகு பேருந்து ஏறி இரண்டு மணி நேரம் பிரயாணம் செய்து உத்தியோகத்துக்குப் போகிற பிள்ளைக்கு, ஏழு மணிக்குள் டிபனும் மத்தியானச் சாப்பாட்டு டப்பாவும் தயாராக வேண்டுமானால், அறுபத்திரண்டு வயதில் முழங்கால் வலியோடு அந்த அம்மாள் ஐந்து மணிக்கு எழுந்திருக்க வேண்டும். முன்பு இரண்டு பேருக்கு நாற்பத்தைந்து நாள் வந்த கேஸ் சிலிண்டர் இப்போது ஒரு மாதத்தில் தீர்ந்தது. கூடத்து மின்விசிறிக்குப் பதில் அவன் அறையில் ஏ.சி. ஓடியது. ஓய்வூதியத்தில் நடக்கும் குடித்தனத்தில் இவையெல்லாம் சின்னத் தொகைகள் அல்ல.

ஆகவே, வந்த முதல் மாதமே வீட்டுச் செலவுக்கு என்று ஐயாயிரம் ரூபாய் கொடுக்கச் சொல் என்று நான் சிநேகிதரிடம் சொன்னேன். அம்மாளுக்கு என்மேல் கோபமே வந்துவிட்டது. "பெத்த பிள்ளைகிட்ட சோத்துக்குக் காசு வாங்கவா அண்ணா?" என்றாள். அவளுடைய கோபத்தில் உள்ள பெருமையை நான் அறிவேன். ஆனாலும் கணக்கைக் காட்டினேன். வங்கிக்கு 38,000-க்குப் பதிலாக 33,000 கட்டினால் கடன் பன்னிரண்டாம் மாதத்தில் தீரும். அதிகமாகப் போவது இரண்டு மாத காலமும் சுமார் பதின்மூவாயிரம் ரூபாயுமே. அதற்கு ஈடாக வீட்டுக்கு ஓராண்டில் அறுபதாயிரம் வருகிறது. பிள்ளைக்கோ, தண்டச்சோறு என்ற எண்ணம் மனத்தை அரிக்காமல் தட்டின் முன் உட்கார முடிகிறது. பெற்றோர் வீட்டுக்குத் திரும்பியவர்களில் பலர் கடன் தீருமுன்பே சண்டையிட்டு வெளியேறிவிடுகிறார்கள்; நான் அறிந்த சில குடும்பங்களில் அப்படி முறிந்ததற்குக் காரணம், யார் யாருக்கு எவ்வளவு செய்கிறார்கள் என்பது பேசப்படாமல் கிடந்து, ஒரு நாள் காபி ஆறிப்போனதை முன்னிட்டு வெடித்ததுதான்.

உறவுக்குள் கணக்கு எழுதுவது பாவம் என்பது நம் சம்பிரதாயமே அன்று. புதுக்கோட்டை, பேராவூரணி வட்டாரங்களில் ஆடி, ஆவணி மாதங்களில் நடக்கும் மொய் விருந்தை நேரில் கண்டவர்களுக்கு இது தெரியும். கடனிலோ புதுத் தொழிலின் தேவையிலோ நிற்கும் குடும்பம் ஊரையும் உறவையும் அழைத்து ஆட்டுக்கறிச் சாப்பாடு போடும். வந்தவர்கள் உண்டுவிட்டு மொய் எழுதுவார்கள். யார் எவ்வளவு எழுதினார் என்பது நோட்டில் ஏறும். அவரவர் விருந்து வைக்கும்போது வாங்கியதைக் குறையாமல், கூடுமானால் கொஞ்சம் சேர்த்தே திருப்பவேண்டும். பத்திரம் கிடையாது, ஜாமீன் கிடையாது, வட்டி என்று எவரும் வாயால் சொல்வதில்லை; ஆனால் நோட்டு உண்டு. அந்த நோட்டு இருப்பதனாலேயே அங்கே ஒருவர் மற்றவர் முகத்தைப் பார்த்துக் கூசாமல் கைநீட்ட முடிகிறது. ஒரு வீட்டுக்குள்ளும் அந்த நோட்டு இருக்கலாம் என்பதே என் வாதம். மொய் எழுதுவதை மரியாதையாகக் கருதும் ஜனங்கள், தாயின் உழைப்பை எழுதுவதை மாத்திரம் அவமரியாதையாகக் கருதுவது, அந்த உழைப்பு கண்ணில் படாமலே போவதற்குத்தான் வழிசெய்கிறது.

கல்யாணமானவர்கள் திரும்பும்போது சிக்கல் இரட்டிக்கிறது. கணவன் தன் பெற்றோர் வீட்டுக்குப் போகிறான். மனைவியோ மாமியார் வீட்டுக்குப் போகிறாள். கார்டு அவன் பெயரில்; அடுப்படி அவள் பொறுப்பில். அவளுடைய சம்பளமும் அந்தக் கடனுக்கே போகுமானால், கடன் தீர்ந்தபின் தன் பெயரில் என்ன மிஞ்சியது என்று கேட்கும் உரிமையை முதலிலேயே அவளுக்கு உறுதிசெய்யாமல் மூட்டை கட்டக் கூடாது. பெண் தன் கடனுக்காகப் பிறந்தகம் திரும்பினாலோ, ஊர் அதைக் கடன் என்று பார்ப்பதில்லை. புருஷனோடு ஏதோ மனஸ்தாபம் என்றே பேசும். அந்தப் பேச்சுக்கு அஞ்சி, திரும்பிப்போக வீடிருந்தும் மூன்றரை வட்டியைச் சுமந்துகொண்டிருக்கும் பெண்களை எண்ணும்போது, இந்த அநியாயத்துக்கு வங்கியை மட்டும் குற்றம் சொல்லிப் பயனில்லை என்று தோன்றுகிறது.

நகையைப் பற்றியும் இங்கே பிரஸ்தாபிக்க வேண்டும். அன்றே அம்மாள் உள்ளே போய்த் தன் நான்கு வளையல்களைக் கழற்றிக்கொண்டு வந்து டீப்பாய்மேல் வைத்தாள். வங்கியில் நகைக்கடன் வட்டி ஆண்டுக்குப் பத்து சதவீதத்தையொட்டியே இருப்பதால், நான்கு வட்டிக் கடனை ஒரு வட்டிக்கும் குறைந்த கடனாக மாற்றுவது கணக்குப்படி சரியே. ஆயினும் நான் தடுத்தேன். நகையை வைத்து ஒரே நாளில் கார்டைச் சுத்தமாக்கிவிட்ட குடும்பங்களில், ஓராண்டுக்குள் நகையும் அடகில், கார்டும் பழையபடி நிறைந்து என்று ஆனதைப் பார்த்திருக்கிறேன். கார்டுக்குப் புதுச் செலவு ஏறாமல் மூன்று மாதம் கழியட்டும், பிறகு வேண்டுமானால் யோசிக்கலாம் என்றேன். பிள்ளை தானே எழுந்து, வளையல்களை எடுத்து அம்மாளின் கையில் திரும்பவும் மாட்டிவிட்டான். மூன்று கார்டுகளையும் அவள் ஒரு பழைய கைக்குட்டையில் சுற்றி, பீரோவில் பட்டுப்புடவைகளுக்கு அடியில் வைத்துப் பூட்டினாள். சம்பளம் வரும் முதல் தேதியே 33,000 போய்விடும்படி ஏற்பாடு செய்யப்பட்டது. வட்டி மிக அதிகமான கார்டு முதலில்.

பன்னிரண்டாம் மாதம் கடன் தீர்ந்தது. நடுவில் ஒரு மாதம் அம்மாளுக்குக் காய்ச்சல் வந்து ஆஸ்பத்திரிச் செலவு நேர்ந்தபோது தவணை தவறுமோ என்று எல்லோரும் கலங்கினார்கள். அலுவலகத்தில் வந்த போனஸ் அதைச் சரிக்கட்டிற்று. இரண்டு கார்டுகளை மூடும்படி எழுதிக் கொடுத்தான். பாக்கியில்லாத கார்டை ஏழு வேலை நாளுக்குள் மூடாவிட்டால் வங்கி நாளொன்றுக்கு 500 ரூபாய் அபராதம் தரவேண்டும் என்ற விதியை அவன் இப்போது அறிந்திருந்தான். மீண்டும் பெருங்குடிப் பக்கம் வீடு பார்க்க அட்வான்ஸ் வேண்டுமே. ஒப்பந்தத்தில் வேறுவிதமாக எழுதிக்கொண்டாலொழிய மூன்று மாத வாடகைக்கு மேல் அட்வான்ஸ் கேட்கலாகாது என்று தமிழ்நாட்டு வாடகைச் சட்டம் சொன்னாலும், வீட்டுக்காரர்கள் ஐந்து மாதத்துக்குக் குறைவதில்லை. அதைச் சேர்ப்பதற்காக இன்னும் மூன்று மாதம் ஆவடியிலேயே இருந்தான்.

அவன் போகுமுன் நான் அந்த வீட்டுக்குப் போயிருந்தபோது, சிநேகிதர் வீட்டுக் கணக்கு நோட்டைக் காட்டினார். இடப்பக்கத்தில் அம்மாளின் கையெழுத்து: ஒவ்வொரு மாதமும் "தம்பி கொடுத்தது 5,000", பதினைந்து வரிகள், கூட்டு 75,000. வலப்பக்கம் ஆரம்பத்திலிருந்தே வெறுமையாக விடப்பட்டிருந்தது. வீடு அவனுக்குச் செய்ததை எழுதவேண்டிய அப்பக்கத்தை அம்மாள் கடைசிவரை தொடவில்லை. அன்று காலைதான் பிள்ளை அதில் எழுதியிருக்கிறான். வாடகையும் மற்றதும் மாதம் 20,000 வீதம் பதினைந்து மாதம், 3,00,000. கழிவு 75,000. மீதி 2,25,000. அதற்கு நேரே 'வட்டி' என்று ஒரு கட்டம் போட்டு, அதை நிரப்பாமல் விட்டிருந்தான்.